கொரியாவில் வந்துவிட்டது, இங்கே இன்னும் வரவில்லை: காத்திருப்பதா, போய்ப் பார்ப்பதா?

கேள்வி: திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் நான்கு பேர், பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து கேம் ஆடுகிறவர்கள். கொரியாவில் ஓர் ஆன்லைன் ரோல்பிளே கேம் வெளியாகி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. உலக வெளியீடு அடுத்த ஆண்டு என்கிறார்கள், தேதி சொல்லவில்லை. இப்போதே கொரிய சர்வரில் ஆடிப் பழகிவிட்டால், இங்கே திறக்கும் முதல் வாரத்திலேயே எங்கள் கில்டு முன்னால் நிற்கும் என்பது எங்கள் கணக்கு. இணையத்தில் ஒருவர், கொரிய செல்பேசி எண்ணில் சரிபார்த்த அக்கவுண்ட் தருவதாகச் சொல்கிறார். விலை 3,000 ரூபாய். கூடவே ஆதார் அட்டையின் படமும் கேட்கிறார். எங்களில் ஒருவன் 500 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டான். எங்கள் யாருக்கும் கொரிய மொழி தெரியாது. ரசிகர்கள் செய்த ஆங்கிலப் பேட்ச் இருக்கிறதாம். இது சட்டப்படி தவறா? அங்கே வளர்த்த கேரக்டர் இங்கே வருமா? பிங் தாங்குமா? இல்லை, பேசாமல் காத்திருப்பதுதான் சரியா?

பதில்: அந்தக் கேமை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்ற ஆசையை நான் தடுக்க மாட்டேன். அந்த 3,000 ரூபாய் அக்கவுண்டை மட்டும் வாங்காதீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் உங்களைப் போன்ற பல இளைஞர்கள் பணத்தையும், சில சமயம் அதைவிடப் பெரியதையும் இழக்கிறார்கள்.

முதலில் ஆசையின் பக்கம் நிற்கிறேன். “பொறுத்திரு, தானாக வரும்” என்று சொல்வது எளிது. ஆனால் இந்தத் துறையில் வராமலே போன கேம்கள் ஏராளம். சேகா நிறுவனத்தின் ‘ஃபேண்டஸி ஸ்டார் ஆன்லைன் 2’ ஜப்பானில் 2012 ஜூலை 4 அன்று வெளியானது. 2013 தொடக்கத்தில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வரும் என்று அந்த ஆண்டே அறிவித்தார்கள். 2013 போனது, 2014 போனது, ஒரு தகவலும் இல்லை. 2019 ஜூனில்தான் மறுபடி அறிவிப்பு வந்தது. 2020 ஏப்ரலில் எக்ஸ்பாக்ஸிலும் மே மாதம் கணினியிலும் வட அமெரிக்காவில் வெளியிட்டார்கள். பன்னிரண்டு வயதில் காத்திருக்கத் தொடங்கிய ஒரு பையன் அதற்குள் கல்லூரியில் சேர்ந்திருப்பான்.

காத்திருக்காமல் ஜப்பானிய சர்வருக்கே போனவர்களும் இருந்தார்கள். பதிவுப் படிவத்தில் ஹிரகானா எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் சோதனையைத் தாண்டி, ரசிகர்கள் செய்த ஆங்கிலப் பேட்ச்சைப் போட்டுக்கொண்டு, பல ஆண்டுகள் அங்கேயே ஆடினார்கள். தென்கிழக்காசியாவுக்கென்று தனியாக ஓர் ஆங்கிலப் பதிப்பும் 2014இல் வந்தது. 2017இல் அதை மூடிவிட்டார்கள். அதை நம்பிக் கேரக்டர் வளர்த்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. முறையாக வெளியான வழியில் போனவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள், அயல் சர்வரில் அந்நியராக இருந்தவர்கள் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இதைப் படிக்கும் யாருக்கும் “காத்திருப்பவனே புத்திசாலி” என்று என்னால் சொல்ல முடியாது.

பண்டாய் நாம்கோவின் ‘ப்ளூ புரோட்டோகால்’ கதை இன்னும் வருத்தமானது. ஜப்பானில் 2023 ஜூன் 14 அன்று வெளியானது. மேற்கத்திய வெளியீட்டை அமேசான் கேம்ஸ் ஏற்றிருந்தது, பிறகு அது 2024க்குத் தள்ளிப்போனது. கடைசியில் அது வரவே இல்லை. ஜப்பானிய சர்வரும் 2025 ஜனவரி 18 அன்று மூடப்பட்டது. அந்தக் கேமை ஆடிப் பார்த்த வெளிநாட்டினர் பெரும்பாலும் ஜப்பானிய சர்வரில் நுழைந்தவர்களே. 2012இல் வெளியான ‘டிராகன் குவெஸ்ட் 10’ ஒரு பெரும் தொடரின் பத்தாம் பாகம். அதற்கு ஆங்கிலப் பதிப்பே கிடையாது.

உலக வெளியீடு என்றால் அமெரிக்கர்கள் மட்டும் காத்திருப்பார்கள் என்றும் இல்லை. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டின் ‘லிச் கிங்’ விரிவாக்கம் 2008 நவம்பரில் மற்ற நாடுகளில் வந்துவிட்டது. சீனாவில் அனுமதிச் சிக்கலும் நிறுவன மாற்றமும் சேர்ந்து 2010 ஆகஸ்ட் வரை இழுத்தன. அந்த இடைவெளியில் சீன ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தைவான் சர்வர்களுக்குப் போனார்கள். மொழி ஒன்றாக இருந்தது, கடல் மட்டும்தான் நடுவில்.

உங்களுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் போக நினைப்பது கொரியாவுக்கு. ஜப்பானுக்குப் போவதும் கொரியாவுக்குப் போவதும் ஒன்றல்ல, சட்டமும் வேறு, நடைமுறையும் வேறு. கேமின் பெயரை நீங்கள் எழுதவில்லை என்றாலும் நாட்டின் பெயரை எழுதியதே எனக்குப் போதும்.

கொரியாவில் ஒவ்வொரு குடிமகனுக்கும் 13 இலக்கக் குடியிருப்புப் பதிவு எண் உண்டு. ஒரு காலத்தில் கேம் தளங்கள் எல்லாம் பதிவின்போது இந்த எண்ணையே கேட்டன. விளைவு என்ன ஆனது? 2006 தொடக்கத்தில், கேமே ஆடாத ஆயிரக்கணக்கான கொரியர்கள் தங்கள் பெயரில் ‘லினியேஜ்’ அக்கவுண்டுகள் திறந்திருப்பதைக் கண்டு திகைத்தார்கள். களவாடிய எண்கள். கேமுக்குள் கிடைக்கும் பொருளை உழைத்துச் சேர்த்துக் காசுக்கு விற்பவர்கள் அவற்றை அள்ளிப் பயன்படுத்தியிருந்தார்கள். அதன் பின் அந்த எண்ணைத் தளங்கள் சேகரிப்பதற்குப் படிப்படியாகத் தடை வந்தது. இப்போது அதற்குப் பதில் செல்பேசி வழிச் சரிபார்ப்பு. சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஆட்டக்காரர் என்று பதிவாகும்.

இந்தக் கெடுபிடி வெளிநாட்டவரை ஒதுக்குவதற்காக வந்ததில்லை. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று 2011 நவம்பரில் ஒரு சட்டம் வந்து, 2022 ஜனவரியில்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. வயது வந்தோருக்கான கேம்களுக்கு வயதுச் சரிபார்ப்பு இன்றும் உண்டு. யார் ஆடுகிறார் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் இந்தியாவில் இருக்கும் ஒருவர் கொரிய அக்கவுண்டை நேர்வழியில் திறப்பது பெரும்பாலான கேம்களில் முடியாது. அங்கே வசிக்கும் வெளிநாட்டவர்கள் தங்கள் பதிவு அட்டையையும் தங்கள் பெயரிலுள்ள சிம்மையும் வைத்துத் திறக்கிறார்கள்.

அப்படியானால் அந்த 3,000 ரூபாய் அக்கவுண்ட் யாருடையது? இந்தக் கேள்வியை விற்பவரிடம் கேளுங்கள். எங்கோ ஒரு கொரியரின் பெயர் அதில் இருக்கிறது. அவர் தெரிந்து விற்றிருந்தால், நாளை கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொல்லித் தன் செல்பேசியால் சரிபார்த்து நிமிடத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார். நிறுவனம் அவர் பக்கமே நிற்கும், ஏனென்றால் பதிவின்படி உரிமையாளர் அவர்தான். அவருக்குத் தெரியாமல் விற்கப்பட்டிருந்தால், அது களவாடிய அடையாளம். பிறர் குடியிருப்பு எண்ணைக் கள்ளத்தனமாகப் பயன்படுத்துவது கொரியச் சட்டத்தில் சிறைத்தண்டனை வரை போகும் குற்றம். உங்களைத் தேடித் திருச்சிக்குக் கொரியப் போலீஸ் வரப்போவதில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவரின் பெயரைத் திருட்டுத்தனமாகப் போர்த்திக்கொண்டு நால்வரும் சந்தோஷமாக ஆட வேண்டுமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது மட்டும் குற்றமாகாது. நிறுவனத்தின் விதிமுறையை அது மீறலாம், மீறினால் அக்கவுண்டை முடக்குவார்கள். எல்லை தாண்டும் இடம் விபிஎன் அல்ல, பிறர் அடையாளம்தான்.

ஆதார் படம் கேட்டதைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. கொரிய சர்வரில் உங்கள் ஆதாருக்கு ஒரு வேலையும் இல்லை. கொரியப் பெயரில் சரிபார்த்த அக்கவுண்டுக்கு இந்திய அடையாள அட்டை எதற்கு? நாளை வேறு யாருக்கோ விற்கும் அக்கவுண்டுக்கு உங்கள் பெயர் தேவைப்படலாம், அல்லது சிம், கடன் என்று எதற்காவது. கொரியர்களுக்கு 2006இல் நடந்ததை நீங்கள் உங்களுக்கு நடத்திக்கொள்ளாதீர்கள். இதுவரை யாரும் அனுப்பவில்லை என்று நம்புகிறேன்.

பிங் பற்றிக் கேட்டீர்கள், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். சென்னையிலிருந்து சியோலுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 5,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக, போய்த் திரும்ப எந்தத் தடையும் இல்லாவிட்டாலே 54 மில்லிநொடி ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. சென்னைக் கரையிலிருந்து கிளம்பும் கடலடிக் கேபிள் சிங்கப்பூரைத் தொட்டு, அங்கிருந்து வடக்கே திரும்ப வேண்டும். நடுவில் பல திசைமாற்றிகள், உங்கள் இணைய நிறுவனத்தின் ஒப்பந்தங்கள், மேலே ஒரு விபிஎன். 150 மில்லிநொடியைத் தாண்டுவது சாதாரணம்.

கதை படிக்கவும், ஊர் சுற்றவும், மீன் பிடிக்கவும் அது போதும். சண்டைதான் சிக்கல். ‘லாஸ்ட் ஆர்க்’ போன்ற கேமில் பாஸ் ஒரு கணம் நீல நிறமாக ஒளிரும். அந்தக் கணத்துக்குள் எதிர் அடி விழ வேண்டும். திரையில் நீலம் தெரிகிறபோதே சர்வரில் அந்த அவகாசத்தின் ஒரு பகுதி கழிந்திருக்கும். பழைய பாணியில் ஓர் எதிரியைத் தேர்ந்தெடுத்து, வரிசையாகத் திறன்களை அழுத்தும் கேம் என்றால் இந்தத் தாமதத்தோடு வாழ்ந்துவிடலாம். குறிபார்த்து அடித்து, உருண்டு தப்பிக்கும் கேம் என்றால் கைக்குத் தவறான தாளம் பழகிவிடும். இங்கே சர்வர் வந்தபின் அதை மறக்கவே ஒரு வாரம் ஆகும்.

இனி உங்கள் முக்கியக் கணக்குக்கு வருகிறேன்: முன்னால் போய்ப் பழகினால் முதல் வாரத்தில் முந்தலாம் என்பது. இதைத்தான் நான் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது.

கேரக்டர் வராது. ‘ஃபேண்டஸி ஸ்டார்’ விஷயத்தில் ஜப்பானிய சர்வரில் எட்டு ஆண்டு ஆடியவர்களுக்கும் அமெரிக்கப் பதிப்பில் முதல் லெவல்தான். வேறு நாட்டுக்கு வேறு வெளியீட்டாளர், வேறு தரவுத்தளம், வேறு கட்டண முறை. இணைக்க யாருக்கும் லாபமில்லை. ஆகவே கொரிய சர்வரில் ஒரு காசுகூடச் செலவழிக்காதீர்கள். அந்த ஊர் முன்கட்டண அட்டையை இடைத்தரகரிடம் வாங்குவது இன்னொரு 3,000 ரூபாய்க் கதை.

கேமே மாறி வரும். ‘த்ரோன் அண்ட் லிபர்ட்டி’யின் 2023 மே மாதக் கொரிய பீட்டாவில் கேரக்டர் தானாகவே வேட்டையாடும் வசதி இருந்தது. ஆட்டக்காரர்கள் கடுமையாகக் குறை சொன்னார்கள். டிசம்பர் 7 அன்று கொரியாவில் வெளியானபோது அது இல்லை. உலகப் பதிப்பு 2024 அக்டோபர் 1 அன்று வந்தது. மே மாதம் பழகிய ஒருவர் அக்டோபரில் வேறொரு கேமைத்தான் திறந்தார். நீங்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற ஒரு கேரக்டர் வகுப்பு, உங்கள் ஊர் வெளியீட்டுக்கு முன் வலுக்குறைந்து வரலாம், அல்லது முதல் நாளில் இல்லாமலே போகலாம்.

மூன்றாவது விஷயத்தைத்தான் பலரும் யோசிப்பதில்லை. ‘லாஸ்ட் ஆர்க்’ கொரியாவில் 2018 நவம்பர் 7 அன்று திறந்த பீட்டாவுக்கு வந்தது. மேற்கில் 2022 பிப்ரவரி 11. மறுநாளே ஸ்டீமில் ஒரே நேரத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள். கொரியாவில் பழகியவர்கள் அந்த வாரத்தில் முந்தினார்களா? முன்கூட்டியே பேக் வாங்கியவர்களுக்கு மூன்று நாள் முன்னரே கதவு திறந்தது. வெளியீட்டு நாளில் ஐரோப்பிய சர்வர்களில் நீண்ட வரிசை. நெரிசல் மிகுந்த சர்வர்களில் புதிய கேரக்டர் உருவாக்கத்தையே நிறுத்தினார்கள். நண்பர்கள் ஒரே சர்வரில் சேர முடியாமல் பிரிந்து நின்றார்கள். முதல் வாரத்தைத் தீர்மானித்தது கைத்திறமை அல்ல. எந்த சர்வர் என்று நண்பர்களோடு முன்பே பேசி வைத்து, கதவு திறந்த நிமிடம் உள்ளே போனவர்கள்தான் பிழைத்தார்கள். உங்கள் கில்டு முன்னால் நிற்க வேண்டும் என்றால், முதல் தேர்வு சர்வர், அது நிரம்பினால் இரண்டாவது சர்வர் என்று, சர்வர் பட்டியல் வெளியான அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைசா செலவில்லை.

அப்படியானால் முன்னால் போய்ப் பார்ப்பதால் என்னதான் கிடைக்கும்? நிறையக் கிடைக்கும், ஆனால் முந்துவதற்கானதல்ல. எந்த வகுப்பு உங்கள் கைக்குப் பொருந்துகிறது என்பது தெரியும். இந்தக் கேம் உங்கள் மாலை நேரங்களுக்குத் தகுதியானதா, பத்தாம் நாளே காசு கேட்கும் ரகமா என்பது தெரியும். பிடிக்காது என்று தெரிந்துகொள்வதுகூட ஆண்டு முழுவதும் காத்திருந்து ஏமாறுவதைவிட நல்லது. புதிதாக ஓர் உலகத்துக்குள் நுழையும் வியப்பை முன்னதாகவே செலவழித்துவிடுவீர்கள் என்பது மட்டும் இதன் விலை. நால்வரும் சேர்ந்து முதல்முறை ஒரு பாஸிடம் தோற்பது இந்தக் கேம்கள் தரும் மிகச் சிறந்த அனுபவம் என்று நான் நினைக்கிறேன். அதைத் தனித்தனியே கொரிய சர்வரில் முடித்துவிட்டு வந்தால், இங்கே வெறும் வேலைதான் மிஞ்சும்.

நேர்வழிகள் இருக்கின்றன. உலக வெளியீட்டுக்கு முன் நிறுவனங்களே சோதனைகள் நடத்தும். ‘லாஸ்ட் ஆர்க்’ மேற்கில் வெளியாவதற்கு முன் 2021 ஜூனில் தொழில்நுட்ப ஆல்ஃபா, நவம்பரில் மூடிய பீட்டா என இரண்டு முறை கதவு திறந்தது. அதிகாரப்பூர்வத் தளத்தில் நால்வரும் தனித்தனி மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். ஒருவருக்காவது வாய்க்கலாம். சோதனை முடிந்தால் கேரக்டரை அழித்துவிடுவார்கள், அது இயல்பு. படம் எடுக்கவோ வெளியே பேசவோ கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் மதியுங்கள். அழைப்புக் குறியீட்டை விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

சோதனை எதுவும் இல்லாத மாதங்களில் கொரிய ஒளிபரப்பாளர்களைப் பாருங்கள். ட்விட்ச் 2024 பிப்ரவரியில் கொரியாவை விட்டு விலகியபின் அங்குள்ள ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் நேவரின் ‘சிஜிஜிக்’கிலும், முன்பு ஆஃப்ரிக்கா டிவி என்று இருந்த ‘சூப்’பிலும் இருக்கிறார்கள். கொரிய நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். அங்கே இரவு 9 மணிக்கு ரெய்டு சூடு பிடிக்கும்போது இங்கே மாலை 5.30, நீங்கள் கல்லூரி விட்டு வரும் நேரம். ஒரு வகுப்பை நன்றாக ஆடும் ஒருவரை ஒரு மாதம் தொடர்ந்து கவனித்தால், கள்ள அக்கவுண்டில் 150 பிங்கோடு தடுமாறிக் கற்பதைவிட அதிகம் கற்பீர்கள்.

இதற்குக் கொரிய எழுத்து தெரிந்தால் பெரிய உதவி. ஹங்குல் எழுத்தில் அடிப்படை 14 மெய், 10 உயிர். விடாமல் உட்கார்ந்தால் ஒரு வார இறுதியில் எழுத்துக் கூட்டிவிடலாம். மொழி தெரியாமல் எழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். பார்ட்டி, ரெய்டு, கில்டு, பாஸ், ஸ்கில், குவெஸ்ட் எல்லாவற்றையும் கொரியர்கள் அப்படியே அவர்கள் எழுத்தில் எழுதுகிறார்கள். படிக்கத் தெரிந்த கணமே திரையின் ஒரு பகுதி உங்களுக்குப் புரிந்துவிடும். மீதி மெனுவைச் செல்பேசிக் கேமரா மொழிபெயர்த்துத் தரும்.

ரசிகர்களின் ஆங்கிலப் பேட்ச் விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். அது கேமின் கோப்புகளைத் திருத்துகிறது. இத்தகைய கேம்களோடு வரும் ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸின் அடித்தளம் வரை இறங்கி நிற்கும். திருத்திய கோப்பையும் ஏமாற்று வித்தையையும் அது ஒன்றாகவே பார்க்கலாம். பேட்ச் என்ற பெயரில் வேறு எதுவும் உள்ளே வரலாம். அதிகாரப்பூர்வக் கோப்பே ஆபத்தான நாள்கூட உண்டு: 2013 செப்டம்பரில் ‘ஃபேண்டஸி ஸ்டார் ஆன்லைன் 2’க்கு வந்த ஒரு புதுப்பிப்பு, பலருடைய கணினியில் கேமுக்குச் சம்பந்தமில்லாத கோப்புகளையும் அழித்துவிட்டது. உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும் மடிக்கணினியில் எந்த அயல் கேமை நிறுவும் முன்னும், முக்கியமானதை வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பின்னாளில் எப்போதாவது, வெளிநாட்டவரை முறையாக அனுமதிக்கும் ஒரு ஜப்பானிய அல்லது தைவானிய சர்வருக்குள் நீங்கள் போகலாம். போனால் அங்கே இருப்பவர்களை நினைவில் வையுங்கள். எட்டுப் பேர் ரெய்டில் ஒருவர் கட்டளை புரியாமல் நின்றால், மற்ற ஏழு பேரின் மாலை வீணாகும். மொழி பழகும் வரை தனியாகச் செய்யும் பணிகளோடு நில்லுங்கள். ‘ஃபைனல் ஃபேண்டஸி 11’ 2002 மே மாதம் ஜப்பானில் தொடங்கி, அடுத்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவுக்கு வந்தபோது, புதியவர்களை அதே சர்வர்களில், அதே ஜப்பானியர்களோடு சேர்த்துவிட்டார்கள். தயாரான சொற்றொடர்ப் பட்டியல் ஒன்று கேமிலேயே இருந்தது. நீங்கள் ஆங்கிலத்தில் தேர்ந்தெடுத்தால் எதிரில் இருப்பவர் திரையில் ஜப்பானிய மொழியில் தோன்றும். அதை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டவரும் மணிக்கணக்கில் சேர்ந்து சண்டையிட்டார்கள். இன்றைய பிராந்திய சர்வர் முறையில் அந்த நல்ல யோசனை பெரும்பாலும் காணாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

500 ரூபாய் அனுப்பிய நண்பருக்கு ஒரு வார்த்தை. மீதிப் பணத்தை அனுப்பிக் கணக்கை நேர்செய்யலாம் என்று எண்ண வேண்டாம். பணத்தைத் திரும்பக் கேட்கட்டும், உரையாடல்களையும் பணம் போன விவரத்தையும் படமெடுத்து வைக்கட்டும். விற்பவர் மிரட்டினாலோ பதில் சொல்லாமல் மறைந்தாலோ, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லலாம். தொகை சிறியது என்று தயங்க வேண்டியதில்லை. நண்பர் ஏற்கெனவே ஆதார் படத்தையும் அனுப்பியிருந்தால், ஆதார் தளத்துக்குள் போய் பயோமெட்ரிக் பூட்டை இன்றே போடச் சொல்லுங்கள். வங்கிக் குறுஞ்செய்திகளையும் சில மாதங்கள் கவனமாகப் பார்க்கட்டும்.